நத்தைக்கு நஞ்சாகுமா நாம் அருந்தும் காபி?

மழைக்காலத்து வைகறை. ஸுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறக்கிறார் ஓர் இல்லத்தரசி. முந்தின நாள் மாலை கண் நிறையக் கண்டு மகிழ்ந்த கீரைப் பாத்தியில் இன்று தண்டுகள் மட்டுமே நிற்கின்றன. மிளகாய் நாற்றுகளில் பாதியைக் காணோம். அவரை இலைகள் சல்லடையாகக் கிடக்கின்றன. ஆட்டையோ கோழியையோ குற்றம் சொல்ல வழியில்லை. வேலி அப்படியே இருக்கிறது. ஆனால் சுவரோரத்திலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல் பளபளக்கும் கோடுகள் தெரிகின்றன. இரவு வந்து சென்றவர் யார் என்பதற்கு அந்தக் கோழைத் தடமே சாட்சி.

நத்தையும் அதன் உறவான ஓடில்லா நத்தையும் விளைவிக்கும் இழப்பு இது. இதற்குக் கைகண்ட மருந்து என்று அண்மைக் காலமாகப் பலரும் கூறிவருவது காபி. வடித்த காபிச் சக்கையைச் செடியைச் சுற்றித் தூவினால் நத்தை அண்டாது என்பார் சிலர். காபி நீரைத் தெளித்தால் நத்தை மாண்டுவிடும் என்பார் வேறு சிலர். அடுக்களையில் வீணாகும் ஒன்று தோட்டத்தைக் காக்குமாயின் மகிழ்ச்சியே. ஆயினும் கேட்டதையெல்லாம் நம்பிவிடாமல், இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையன்றோ? இந்தச் செய்தி எங்கே பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

தவளையைத் தேடிப் போய் நத்தையைக் கண்டவர்கள்

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்தவை ஹவாய்த் தீவுகள். அங்கே 1980களின் இறுதியில், அலங்காரச் செடித் தொட்டிகளோடு ஒரு சிறு தவளை வந்து சேர்ந்தது. அதன் தாயகம் கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ. ‘கோகீ’ என்று அது எழுப்பும் குரலே அதற்குப் பெயராயிற்று. கட்டைவிரல் அளவேயுள்ள அத்தவளை அருகிருந்து கத்தினால் ஓசை 90 டெசிபல் வரை எழும். ஆயிரக்கணக்கில் அவை பெருகவே, மக்கள் உறக்கமிழந்தனர். செடி ஏற்றுமதியும் பாதிக்கப்பட்டது.

அத்தவளையை ஒழிக்க வழி தேடிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள், காபியிலுள்ள காஃபீன் என்னும் பொருளை நீரில் கரைத்துத் தெளித்துப் பார்த்தனர். அப்போது எதிர்பாராத ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. கரைசல் பட்ட மண்ணிலிருந்த ஓடில்லா நத்தைகள் நெளிந்து துடித்து மாண்டன. ஹிலோ நகரில் பணியாற்றிய ராபர்ட் ஹாலிங்ஸ்வொர்த்தும் அவருடைய தோழர்களும் இதைத் தனியே ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டனர். ‘காபி நத்தையைக் கொல்லும்’ என்று இன்று உலகெங்கும் வலம் வரும் பேச்சுக்கு மூலம் அந்தச் சிறு கட்டுரையே.

அதில் அவர்கள் கண்டவை இரண்டு. ஒன்று, நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு காஃபீன் கலந்த கரைசல் நத்தைகளைப் பெருமளவில் கொன்றது. ஆர்க்கிட் செடியின் தொட்டிக்குள் ஒளிந்திருந்து வேரைக் கடிக்கும் சிறு நத்தையும் அதற்குத் தப்பவில்லை. மற்றொன்று, அதனினும் மிக நீர்த்த கரைசல், அதாவது நூற்றில் 0.01 பங்கு மட்டுமே உள்ளதும் கூட, இலையை நத்தை தின்பதைக் குறைத்தது. முன்னது கொல்வது, பின்னது விரட்டுவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே பிற்காலத்து மயக்கத்துக்கெல்லாம் காரணம்.

செடி தனக்கென வைத்த காவல்

காஃபீன் மனிதனை விழிக்கச் செய்வதற்காக மட்டும் காபிக்கொட்டையில் அமைந்ததன்று. 1819இல் ஜெர்மன் வேதியியலார் ருங்கே காபிக்கொட்டையிலிருந்து அதைத் தனியே பிரித்தெடுத்தார். நெடுங்காலம் கழித்து, 1984இல் நேதன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், அது செடியைத் தின்ன வரும் பூச்சிகளின் நரம்பு இயக்கத்தைக் குலைக்கும் இயற்கை நஞ்சு என்று விளக்கினார். ஓடவும் ஒளியவும் இயலாத செடிக்கு இறைவன் அளித்த வாளும் கேடயமும் அது எனலாம்.

அந்தக் கசப்பை மனிதன் விரும்பி ஏற்றதும் ஒரு சுவையான வரலாறு. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள், இரவு வணக்கத்தில் உறக்கம் குறுக்கிடாதிருக்கக் கஹ்வா அருந்தினர். 1511இல் மக்காவில் அதற்குத் தடை விதிக்கப்பட்டதும், அத்தடை நிலைக்காமற் போனதும் வரலாறு. யமனிலிருந்து ஏழு காபி விதைகளைக் கொண்டுவந்து கர்நாடகத்துச் சிக்மகளூர் மலையில் பயிரிட்டவர் பாபா புதன் என்னும் பெரியார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உறங்காமல் வணங்கியவர்க்கு உதவிய அதே பொருள், இரவில் உலவும் நத்தைக்குப் பகையாக அமைந்தது விந்தைதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

நம் வீட்டுக் காபி நத்தையைக் கொல்லுமா என்பதை ஒரு சிறு கணக்கே தெளிவாக்கிவிடும். சிக்கரி கலவாத உடனடிக் காபித்தூளில் காஃபீன் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு. 2 கிராம் தூளை 100 மில்லி வெந்நீரில் கரைத்தால், அக்கோப்பையில் இருப்பது 60 மில்லிகிராம், அதாவது 0.06 சதவீதம். ஹவாயில் நத்தையைக் கொன்ற கரைசலோ குறைந்தது 1 சதவீதம். நம் கோப்பையைப் போல் பதினாறு மடங்குக்கும் மேல்!

அந்த வலிமையில் ஒரு லிட்டர் கரைசல் வேண்டுமானால் 10 கிராம் காஃபீன் தேவை. அதற்கு 330 கிராமுக்கு மேல் காபித்தூளைக் கரைத்தாக வேண்டும். ஒரு குடும்பம் பல நாள் அருந்தும் காபியை ஒரு பாத்திக்கு ஊற்றிவிட்டு, காப்பாற்றியது ஒரு கட்டுக் கீரை என்றால் அது சிக்கனமாகுமா? மேலும், நம் பக்கத்தில் விற்கும் ஃபில்டர் காபித்தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். சிக்கரிக் கிழங்கில் காஃபீன் அறவே இல்லை.

எனவே வீட்டுக் காபி நத்தையைக் கொல்லும் என்பது மிகை. அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. விரட்டுவதற்கு 0.01 சதவீதமே போதுமென்றால், நம் கோப்பைக் காபியை அதனினும் நான்கைந்து மடங்கு நீர்த்தாலும் அந்த அளவு எஞ்சும். இலைமேல் காய்ந்து படிந்திருக்கும் வரை அது நத்தைக்குக் கசக்கும். ஆனால் காஃபீன் நீரில் எளிதில் கரைவது. ஒரு மழை பெய்தால் கழுவப்பட்டுவிடும். நத்தை படையெடுப்பதோ மழைக்காலத்தில்! காவற்காரன் உறங்கும் நேரத்தில்தான் கள்வன் வருகிறான் என்பதை மறந்துவிடலாகாது.

சக்கையின் கதை

வடித்த பின் எஞ்சும் சக்கையைப் பற்றி இன்னும் எச்சரிக்கை தேவை. காஃபீனின் பெரும்பகுதி வெந்நீரோடு நம் கோப்பைக்கு வந்துவிட்டது. எஞ்சியிருப்பது சொற்பம். ‘சக்கை சொரசொரப்பானது, நத்தையின் மெல்லிய அடிப்பாகத்தைக் கீறும்’ என்பர். நத்தை தன் கோழையைத் தானே விரித்து அதன்மேல் ஊர்ந்து செல்வது. கூரான கத்தி விளிம்பின் மேலும் காயமின்றி ஏறிச்செல்லும் திறன் படைத்தது. 2018இல் இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைக் கழகம் முட்டையோடு, செம்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டைத் துகள், கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் லெட்டூஸ் கீரையைச் சுற்றியிட்டுச் சோதித்தது. எதுவும் இடாத செடிகளுக்கும் அவற்றுக்கும் நத்தைச் சேதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. காபிச் சக்கை அச்சோதனையில் இடம்பெறவில்லை. எனினும் தடுப்புவேலி முறையில் நாம் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதை அது உணர்த்துகிறது.

சக்கையை மிகுதியாகக் கொட்டினால் பயிருக்கே கேடு. 2016இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்த ஆய்வில், மட்காத காபிச் சக்கையை மண்ணில் நேரடியாகக் கலந்தபோது முள்ளங்கி, சூரியகாந்தி முதலிய செடிகளின் வளர்ச்சி வெகுவாகக் குன்றியது. கெட்டியாகப் பரப்பிய சக்கை காய்ந்து ஓடுபோல் இறுகி நீரை உள்ளே விடாது, பூஞ்சணமும் பிடிக்கும். சக்கைக்குரிய இடம் எருக்குழி. இலைதழைகளோடு ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து மட்கவிட்டால் நல்ல உரமாகும்.

வந்தவன் யார்?

நம் தோட்டங்களில் இன்று பெருகியிருக்கும் பெரிய நத்தை இம்மண்ணுக்குரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இராட்சத நத்தை அது. கிளிஞ்சல்கள் சேகரிப்பதில் ஆர்வமுடைய பென்சன் என்னும் ஆங்கிலேயர் 1847இல் மொரீஷியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்கு அதைக் கொண்டுவந்தார். அங்கு ஒரு தோட்டத்தில் விடப்பட்டது பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஆண், பெண் இரு தன்மையும் ஒரே உடலில் கொண்டது. ஒரு முறைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளிடும். ஆண்டில் பல முறை இடும். ஐந்தாறு ஆண்டுகள் வாழும். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் உறங்கி, முதல் மழையில் எழுந்து வரும். கேரளத்தில் வாழை, பப்பாளி, காய்கறிகளையும், கர்நாடகத்தின் கொடகு மாவட்டத்தில் காபித் தோட்டங்களையும் கூட அது தாக்கியுள்ளது. காஃபீனைத் தன்னுள் கொண்ட செடியையே கடிக்கத் துணிந்ததென்றால், நம் சிறு கோப்பைக்கு அஞ்சிவிடுமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஹவாயிலும் இதே நத்தை புகுந்ததுண்டு. அதை ஒழிப்பதற்கென்று 1955இல் ஃபுளோரிடாவிலிருந்து நத்தையைத் தின்னும் வேறொரு நத்தையை இறக்குமதி செய்தனர். வந்த வேட்டைக்காரனோ, அத்தீவுகளுக்கே உரிய அழகிய மரநத்தைகளைத் தின்று பல இனங்கள் அற்றுப்போகக் காரணமாயிற்று. அவசரப்பட்டுத் தேடும் மருந்து நோயினும் கொடியதாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உயிருக்கே உலை வைக்கும் அலட்சியம்

இதுவரை கூறியது கீரையின் இழப்பு. இனிக் கூறப்போவது மனித உயிரைப் பற்றியது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகை நுண்புழு உண்டு. 1935இல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. எலியின் கழிவைத் தின்னும் நத்தையின் உடலில் அதன் இளம்புழு குடியேறுகிறது. அந்த நத்தையையோ, கீரைக்குள் ஒளிந்திருக்கும் அதன் சிறு குஞ்சையோ மனிதன் வேகாமல் உண்ண நேர்ந்தால், அப்புழு மூளையுறையை அடைந்து அழற்சியை உண்டாக்கும். கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, உடலில் கூச்சம் ஆகியவை அறிகுறிகள். ஹவாயில் இந்நோய் கண்டவர் பலர். தென்னிந்தியாவிலும் இது பதிவாகியுள்ளது.

ஆகவே நத்தையை வெறுங்கையால் எடுப்பதும், பிள்ளைகள் அதைப் பிடித்து விளையாட விடுவதும் கூடவே கூடாது. கையுறை அணிக, அல்லது பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்க. பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுக. கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் அலசி, நன்றாக வேகவைத்து உண்க. காபி தெளித்த கீரையானாலும் இந்த எச்சரிக்கையில் தளர்வு கூடாது; காபி நத்தையை விரட்டலாமேயன்றி, இலையில் தங்கிவிட்ட புழுவுக்கு அது மருந்தாகாது.

கடையில் கிடைக்கும் மெட்டால்டிஹைடு உருண்டைகள் நத்தையைக் கொல்லும். ஆனால் தவிட்டோடு கலந்த அவ்வுருண்டைகளைத் தின்பண்டம் என்று கருதி நாயும் பூனையும் தின்று மடிவதுண்டு. தவழும் குழந்தையுள்ள வீட்டில் அதை இறைத்து வைப்பது, பாம்பை வளர்த்து எலியை விரட்டுவதற்கு ஒப்பாகும். பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு முதல் வெளிப்புறத் தோட்டங்களில் அதன் உபயோகம் தடை செய்யப்பட்டுள்ளது. தவிர்க்கவே இயலாதெனில் இரும்புச் சத்தாலான ஃபெரிக் பாஸ்பேட் உருண்டை ஒப்புநோக்கத் தீங்கு குறைந்தது.

காபியும் இயற்கைப் பொருள் என்பதனாலேயே தீங்கற்றதாகிவிடாது. நாய்க்கும் பூனைக்கும் காஃபீன் ஆகாது. அடர்த்தியான கரைசல் மென்மையான இலைகளைக் கருக்கும். கோகீ தவளையின் மீது காஃபீனைப் பயன்படுத்த 2001இல் அமெரிக்க அரசு அவசர அனுமதி அளித்தது. மனிதர் நலன் குறித்த ஐயங்கள் எழவே அம்முறை நிலைக்கவில்லை. பின்னர் சிட்ரிக் அமிலமே அவ்விடத்தைப் பெற்றது.

செய்யத்தக்கது யாது?

1. மாலை மங்கிய பின், குறிப்பாக மழை ஓய்ந்த இரவுகளில், டார்ச் விளக்கோடு சென்று நத்தைகளைப் பொறுக்குங்கள். தொடர்ந்து சில இரவுகள் செய்தால் வேறுபாடு தெரியும். இதற்கு ஈடான மருந்து வேறில்லை.

2. நனைத்த கோணிப்பையை மாலையில் விரித்து, அதன்கீழ் பப்பாளி இலையையோ கோஸ் இலையையோ வையுங்கள். இரவில் தின்ன வரும் நத்தைகள் விடிந்ததும் அங்கேயே ஒடுங்கிக் கிடக்கும். காலையில் மொத்தமாக அள்ளிவிடலாம்.

3. பிடித்தவற்றை மூடியுள்ள வாளியிலிருக்கும் கெட்டியான உப்புநீரில் போட்டு, மாண்டபின் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். அந்நீரைச் செடிப்பக்கம் ஊற்றாதீர்கள். பாத்தியிலேயே நத்தைமேல் உப்பைத் தூவுவது இரட்டைத் தவறு. மண்ணும் கெடும், அந்த உயிரும் நெடுநேரம் துடிக்கும். கொல்ல வேண்டிய நிலையிலும் வதைக்கலாகாது என்பது நம் மார்க்கம் கற்பித்த பண்பு.

4. செங்கற் குவியல், பழைய பலகை, களைப்புதர் ஆகியவற்றை அகற்றுங்கள். மேல்மண்ணைக் கிளறினால் வெளிப்படும் முட்டைகள் வெயிலில் காய்ந்து அழியும்.

5. நீர் ஊற்றுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். இரவில் நிலம் காய்ந்திருந்தால் நத்தை உலவுவது குறையும். செலவில்லாத இந்த ஒரு மாற்றமே பெரும்பயன் தரும்.

6. வாத்து வளர்க்க வசதியுள்ளோர் வளர்க்கலாம். சிறு நத்தைகளை அது விரும்பித் தின்னும். இராட்சத நத்தையைத் தின்னும் செம்போத்துப் பறவை தோட்டத்துக்கு வந்தால் அதை விரட்டாதீர்கள்.

7. இவற்றோடு துணையாகவே காபியைக் கொள்க. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேராத, நன்கு ஆறிய கறுப்புக் காபியை முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகாவிடில் நாற்றுகளுக்குத் தெளிக்கலாம். மழைக்குப் பின் மீண்டும் தெளிக்க வேண்டும். தேனீ நாடும் பூக்களின் மீதும், பச்சையாக உண்ணும் இலைகளின் மீதும் வேண்டா.

காபி நத்தையை விரட்டும் என்ற செய்தியில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்கு ஓர் அளவும் இருக்கிறது. ஹவாயில் 2 சதவீதக் கரைசலுக்குப் பொருந்தியதை, நம் வீட்டு வடிகட்டியில் எஞ்சிய சக்கைக்குப் பொருத்தியபோதுதான் அது பொய்யாயிற்று. பாத்தியைச் சுற்றிச் சக்கையைத் தூவிவிட்டோம் என்று நிம்மதியாக உறங்கும் இல்லத்தில், நாற்றும் போகலாம். அலசாத கீரையோடு நோயும் புகலாம். ஆதலால் சகோதரிகளே, இன்று மாலை அருந்திய காபியின் சக்கையை எருக்குழியில் போட்டுவிட்டு, இஷாத் தொழுகைக்குப் பின் கையுறையும் விளக்குமாக ஒரு முறை கொல்லைப்புறம் சென்று வாருங்கள். நத்தைக்கு நாம் வைக்கும் முதற்காவல், விழித்திருக்கும் நம் கண்களே.